பாஸ்போ ஏசிசி ஆன்டிபாடி: 280இல் மங்கல், 130இலும் 75இலும் பளிச்சென்று பேண்ட். எங்கே சிக்கல்?

மெலோனைல்:

வணக்கம். அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ், அதாவது ஏசிசி நொதியில் செரின் 79 பாஸ்பரிலேஷனை, அதாவது 79ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏறுவதை, சுண்டெலிக் கல்லீரலிலும் ஹெப்ஜி2 (மனிதக் கல்லீரல் புற்று) செல்களிலும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டும். புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பார்க்கும் முறைதான் அது. முயலில் எடுத்த பாலிகுளோனல் ஆன்டிபாடி, 1:1000 விகிதம். இப்போது நடப்பில் உள்ள முறை இது: ரிப்பா பஃபரில் லைசேட் (செல்லை உடைத்த சாறு), லேனுக்கு 20 மைக்ரோகிராம், 10% ஜெல், செமி டிரை டிரான்ஸ்ஃபர் 30 நிமிடம், 5% பால்பொடியில் பிளாக்கிங் (மெம்பரேனின் காலி இடங்களை மூடுவது), பயோட்டின் ஒட்டிய செகண்டரி (முதல் ஆன்டிபாடியான பிரைமரியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி), அதன் மேல் ஸ்ட்ரெப்டவிடின் எச்ஆர்பி (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதமும் அதில் ஒட்டிய, சிக்னல் தரும் நொதியும்). சிக்னல் கூடுதலாகக் கிடைக்கும் என்றுதான் இந்த இரண்டடுக்கு ஏற்பாடு.

மூன்று சிக்கல்கள். 265-280 கிலோடால்டனில் வர வேண்டிய பேண்ட் மிக மங்கல். 130இலும் 75இலும் பளிச்சென்று பேண்டுகள், 75இல் இருப்பது இரட்டையாகவும் தெரிகிறது. இந்தப் பாஸ்பரிலேஷனை ஏற்ற வேண்டிய அய்கார் மருந்தைக் கொடுத்த செல்லும் கொடுக்காத செல்லும் ஒரே அளவு காட்டுகின்றன. ஆன்டிபாடியே மோசம் என்று எடுத்துக்கொண்டு வேறு வாங்கலாமா?

பெரும்புரதம்:

வாங்க வேண்டாம். ஆன்டிபாடியைக் குறை சொல்ல இதுவரை ஒரு காரணமும் இல்லை. 130, 75 இரண்டும் உங்கள் ஆன்டிபாடி பிடித்தவை அல்ல, ஸ்ட்ரெப்டவிடின் நேரடியாகப் பிடித்தவை.

ஏசிசி பயோட்டினைத் தன் உடம்பிலேயே சுமக்கும் நொதி. ஏடிபியைச் செலவழித்து, பைகார்பனேட்டிலிருந்து வரும் கார்பாக்சில் தொகுதியை முதலில் அந்தப் பயோட்டினில் ஏற்றி, பிறகு அசிட்டைல் கோஏக்குக் கைமாற்றி மெலோனைல் கோஏ ஆக்குகிறது. பாலூட்டிகளில் இப்படிப் பயோட்டினோடு சகப்பிணைப்பில் இருக்கும் கார்பாக்சிலேஸ்கள் ஐந்து: ஏசிசி1, ஏசிசி2, பைருவேட் கார்பாக்சிலேஸ், புரோப்பியோனைல் கோஏ கார்பாக்சிலேஸ், மீத்தைல்குரோட்டோனைல் கோஏ கார்பாக்சிலேஸ். பைருவேட் கார்பாக்சிலேஸ் 130 கிலோடால்டனில் ஓடும். கடைசி இரண்டின் ஆல்ஃபா துணையலகுகள் 75ஐ ஒட்டி நெருக்கமாக ஓடும், இரட்டையாகத் தெரிவது அதனால்தான். கல்லீரலில் இவை எல்லாமே தாராளமாக உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 280 பக்கம் மங்கலாகத் தெரியும் அந்தப் பேண்டையும் நம்ப முடியாது. அங்கே இருக்கும் ஏசிசியிலும் பயோட்டின் இருக்கிறதே! பாஸ்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்ட்ரெப்டவிடின் அதைப் பிடிக்கும். அய்கார் கொடுத்ததும் கொடுக்காததும் ஒரே அளவு காட்டுவதற்கு இதுவே போதுமான காரணம். பாஸ்போ ஏசிசி என்று நீங்கள் படிப்பதில் ஒரு பங்கு மொத்த ஏசிசி.

உறுதி செய்ய ஒரே லைசேட்டை மூன்று லேனில் ஓட்டி, மெம்பரேனை மூன்று பட்டையாக வெட்டுங்கள். முதல் பட்டைக்கு எல்லா அடுக்கும். இரண்டாவதில் பிரைமரியை விட்டுவிட்டு மற்றவை. மூன்றாவதில் ஸ்ட்ரெப்டவிடின் எச்ஆர்பி மட்டும். மூன்றாவது பட்டையிலும் அதே 130, 75 வந்தால் வழக்கு முடிந்தது. அதன் பிறகு எச்ஆர்பி நேரடியாக ஒட்டிய முயல் எதிர் செகண்டரிக்கு மாறுங்கள், 1:5000இல் தொடங்கலாம். சிக்னல் குறைவாக இருந்தால் உணர்திறன் கூடிய ஈசிஎல் (எச்ஆர்பி ஒளிர வைக்கும் கரைசல்) போடுங்கள். பயோட்டின் அடுக்குக்கு மட்டும் திரும்பப் போகாதீர்கள்.

ஜெல்தட்டு:

பயோட்டின் விஷயம் சரி. ஆனா அதை மட்டும் மாத்தினா 280 பேண்ட் பளிச்சுன்னு வந்துடாது. 10% ஜெல்லில் இவ்வளவு பெரிய புரதம் உள்ளேயே நுழையாது, மேல் ஓரத்துல கூட்டமா நிக்கும். செமி டிரையில 30 நிமிஷத்துல அது மெம்பரேனுக்கு வர்றதும் கஷ்டம்.

6% ஜெல் ஊத்துங்க. 10 மி.லி. ரிசால்விங் ஜெல்லுக்குத் தண்ணீர் 5.3 மி.லி., 30% அக்ரிலமைடு கலவை 2 மி.லி., பிஎச் 8.8 உள்ள 1.5 மோலார் டிரிஸ் 2.5 மி.லி., 10% எஸ்டிஎஸ் 0.1 மி.லி., 10% அமோனியம் பெர்சல்ஃபேட் 0.1 மி.லி., டெமெட் 8 மைக்ரோலிட்டர். ஸ்டாக்கிங்குக்கு 4% போதும். 80 வோல்ட்ல ஸ்டாக்கிங்கைத் தாண்ட விட்டு, அப்புறம் 100-120. சாய முனை வெளியே போனதும் நிறுத்தாதீங்க. கலர் மார்க்கர்ல 100 கிலோடால்டன் கோடு ஜெல்லோட கீழ்ப் பாதிக்கு நல்லா இறங்கணும். ரெடிமேட் வாங்கறதா இருந்தா 3-8% டிரிஸ் அசிட்டேட் ஜெல் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அதுக்கு ஓட்டற பஃபரும் தனி. டிரிஸ் கிளைசின் பஃபரை ஊத்தி ஓட்டினா பேண்டெல்லாம் இழுத்துக்கும்.

டிரான்ஸ்ஃபர் வெட் டேங்க்ல, 4 டிகிரியில, 30 வோல்ட்ல ராத்திரி முழுக்க. அவசரம்னா ஐஸ் வெச்சு 100 வோல்ட்ல 2 மணி நேரம். பஃபர் ஒரு லிட்டருக்கு டிரிஸ் 3.03 கிராம், கிளைசின் 14.4 கிராம், மெத்தனால் 100 மி.லி., 10% எஸ்டிஎஸ் 2 மி.லி. வழக்கமான 20% மெத்தனால் இங்க வேண்டாம். மெத்தனால் ஜெல்லைச் சுருக்கும், புரதத்துல ஒட்டியிருக்கிற எஸ்டிஎஸ்ஸையும் கழட்டும். பெரிய புரதம் ஜெல்லுக்குள்ளேயே படிஞ்சு நின்னுடும். சேர்க்கிற கொஞ்சம் எஸ்டிஎஸ் அதைத் தள்ளிவிடறதுக்குத்தான். அதுக்காக அள்ளிக் கொட்டினா புரதம் மெம்பரேன்ல நிக்காம ஊடுருவிப் போயிடும், முக்கியமா சின்ன புரதங்கள்.

மெம்பரேன் 0.45 மைக்ரான் பிவிடிஎஃப். முதல்ல மெத்தனால்ல நனைச்சுட்டுத்தான் பஃபர்ல போடணும். டிரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் மெம்பரேனை பான்சோ சாயத்துல பாருங்க, ஜெல்லைத் தூக்கி எறியாம கூமாசி சாயத்துல போடுங்க. 250க்கு மேல ஜெல்லுல நீலமா கோடு நின்னா, ஆன்டிபாடியைத் தொடறதுக்கு முன்னாடி டிரான்ஸ்ஃபரைத்தான் சரி பண்ணணும்.

மெலோனைல்:

இருவருக்கும் நன்றி. மூன்று பட்டைச் சோதனையை வைத்துப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: 6% ஜெல்லை அவ்வளவு தூரம் ஓட்டினால் 42 கிலோடால்டன் ஆக்டினும் 37இல் வரும் கேப்டிஎச்சும் வெளியே ஓடிவிடுமே. லோடிங் கண்ட்ரோலுக்கு, அதாவது எல்லா லேனிலும் ஏற்றிய புரதம் சமம் என்று காட்ட, என்ன வைப்பது?

ஜெல்தட்டு:

ஓடிடும். வின்குலின் வைங்க, 117-125 பக்கம் வரும், 6%ல பிடிச்சு வெச்சுக்கலாம். இல்லாட்டி மெம்பரேன்லயே மொத்தப் புரதச் சாயம் போட்டு லேன் முழுக்க அளந்துக்குங்க. எனக்கு இதுதான் பிடிச்ச வழி, ஏன்னா பட்டினி போட்ட கல்லீரலையும் சாப்பிட்ட கல்லீரலையும் ஒப்பிடும்போது எந்த ஒத்தைப் புரதம் மாறாம இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. அதே லைசேட்டை 10%ல தனியா ஓட்டி ஆக்டின் பார்த்து, அதை இந்த மெம்பரேனுக்குக் கண்ட்ரோல்னு காட்டறது சரியில்லை. அந்த ஜெல்லுல ஏத்தின அளவுதான் அதுல தெரியும், இதுல ஏத்தினது தெரியாது.

உறைகிடுக்கி:

இன்னும் யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். பயோட்டின், ஜெல், டிரான்ஸ்ஃபர் எல்லாவற்றையும் திருத்திய பிறகும் கண்ட்ரோலும் அய்காரும் ஒரே அளவில் வர வாய்ப்பு இருக்கிறது. ஏனென்றால் கண்ட்ரோலே பாஸ்பரிலேட் ஆகியிருக்கும், அதுவும் உங்கள் கையில் இருக்கும்போதே.

செரின் 79இல் பாஸ்பேட்டை வைப்பது ஏஎம்பிகே என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி). செல்லில் ஏஎம்பி, ஏடிபி விகிதம் ஏறியதும் அது விழித்துக்கொள்ளும். ரத்த ஓட்டம் நின்ற கல்லீரலில் அந்த விகிதம் நொடிக் கணக்கில் ஏறுகிறது. மடலை வெட்டி எடுத்து, பஃபரில் அலசி, எடை பார்த்து, பிறகு திரவ நைட்ரஜனில் போடுவது வழக்கமாக இருந்தால், நீங்கள் அளப்பது விலங்கின் பட்டினியை அல்ல, அந்த மூச்சுத்திணறலை. திரவ நைட்ரஜனில் குளிர வைத்த அலுமினியக் கிடுக்கியால் திசுவை இருந்த இடத்திலேயே தட்டையாக நசுக்கி உறைய வைத்து, அதன் பிறகு வெட்டி எடுங்கள். எடை பார்ப்பதும் பொடி செய்வதும் உறைந்த நிலையிலேயே. பொடி இளகுவதற்கு முன் லைசிஸ் பஃபர் அதன் மேல் விழ வேண்டும்.

செல்களிலும் இதே கதைதான். டிரிப்சின் போட்டுப் பிரிப்பது, குளுக்கோஸ் இல்லாத பிபிஎஸ்ஸில் நிதானமாக இரண்டு மூன்று முறை கழுவுவது, தட்டுகளை வரிசையாக வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுரண்டுவது, எல்லாமே பாஸ்போ ஏசிசியை ஏற்றும். மீடியத்தை உறிஞ்சி எடுத்து, ஐஸ் குளிரில் உள்ள பிபிஎஸ்ஸால் ஒரே ஒரு அலசல், உடனே பஃபர், உடனே சுரண்டல். தட்டுகளை ஒவ்வொன்றாக இன்குபேட்டரிலிருந்து எடுங்கள். மீடியம் பழையதாகி மஞ்சள் அடித்திருந்தால் அதுவே பாஸ்போவை ஏற்றி வைத்திருக்கும். மீடியம் மாற்றிய பின் எத்தனை மணி நேரத்தில் லைசிஸ் என்பதை எல்லாத் தட்டுக்கும் ஒன்றாக வையுங்கள்.

பஃபரில் சோடியம் ஃப்ளூரைடு 50 மில்லிமோலார், சோடியம் பைரோபாஸ்பேட் 5, பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10, ஈடிடிஏ 1. வனடேட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அது டைரோசின் பாஸ்பேட்டேஸ்களுக்கு. நமக்கு வேண்டியது செரின்.

தசைநார்:

எந்த ஏசிசி என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏசிசி1 சுமார் 265 கிலோடால்டன், சைட்டோசாலில் இருந்து கொழுப்பு அமிலம் கட்டுவதற்கு மெலோனைல் கோஏ தருவது. ஏசிசி2 சுமார் 280, முன்முனையில் ஒரு கூடுதல் துண்டு இருப்பதால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அது உண்டாக்கும் மெலோனைல் கோஏ பக்கத்திலேயே உள்ள சிபிடி1 நொதியை அடக்கி, கொழுப்பு அமிலம் உள்ளே போய் எரிவதைத் தடுக்கிறது. கல்லீரலில் இரண்டும் உண்டு. எலும்புத் தசையிலும் இதயத்திலும் ஏசிசி2தான் மேலோங்கி இருக்கும்.

செரின் 79 என்பது எலியின் ஏசிசி1 எண் வரிசை. மனிதரில் அதே இடம் 80. சுண்டெலி ஏசிசி2இல் அது 212. சுற்றியுள்ள வரிசை ஏறக்குறைய ஒன்றே என்பதால் செரின் 79 என்று விற்கப்படும் ஆன்டிபாடிகள் பொதுவாக இரண்டையும் பிடிக்கும். ஆகவே 6% ஜெல்லில் ஒரே தடித்த பேண்டாகத் தெரிவதை ஏசிசி1 என்று எழுதிவிடக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 5% ஜெல், நீண்ட ஓட்டம், பக்கத்து லேன்களில் ஒருபுறம் வெள்ளைக் கொழுப்புத் திசு, மறுபுறம் தசை. கொழுப்பில் கீழ்ப் பேண்ட் ஓங்கும், தசையில் மேல் பேண்ட் ஓங்கும், கல்லீரல் இரண்டுக்கும் நடுவில் தன் இரட்டையைக் காட்டும். 250 வரை மட்டுமே உள்ள மார்க்கரை வைத்துக்கொண்டு எது 265, எது 280 என்று மேலே நீட்டிக் கணக்கிடுவது வெறும் ஊகம்.

மெலோனைல்:

மூன்று பட்டை முடிந்தது. ஸ்ட்ரெப்டவிடின் மட்டும் போட்ட பட்டையில் 130உம் 75 இரட்டையும் அப்படியே வந்தன, மேலே 265 பக்கமும் கோடு. பெரும்புரதம் சொன்னதேதான்.

எச்ஆர்பி செகண்டரி, 6% ஜெல், இரவு டிரான்ஸ்ஃபர் மூன்றையும் சேர்த்து மாற்றியதில் ஹெப்ஜி2இல் 265-280 பக்கத்துப் பேண்ட் மட்டும் சுத்தமாக வருகிறது. அய்கார் லேன் கண்ட்ரோலைவிடத் தெளிவாகக் கூடுதல். இனி இரண்டு கேள்வி. பிளாக்கிங்குக்குப் பாலா, பிஎஸ்ஏவா (மாட்டு ஆல்புமின்)? மொத்த ஏசிசியை எப்படிப் பார்ப்பது? மொத்த ஏசிசி ஆன்டிபாடியும் முயலில் எடுத்ததுதான்.

பெரும்புரதம்:

பிஎஸ்ஏ. 5% பிஎஸ்ஏவில் பிளாக்கிங், அதே 5% பிஎஸ்ஏ டிபிஎஸ்டியில் பிரைமரி, 4 டிகிரியில் இரவு முழுவதும். டிபிஎஸ்டி என்றால் டிரிஸ் 20 மில்லிமோலார், உப்பு 150, பிஎச் 7.6, டுவீன் 20 0.1%. பாலில் உள்ள கேசின் தானே ஒரு பாஸ்போ புரதம். பாலில் பயோட்டினும் இருக்கிறது.

ஜெல்தட்டு:

இதுல மட்டும் ஒத்துக்க மாட்டேன். பால்ல பயோட்டின் இருக்குங்கறது ஸ்ட்ரெப்டவிடின் போடறவங்களுக்குத்தான் தொந்தரவு. இவங்க அதை விட்டாச்சு. பாலிகுளோனல் முயல் ஆன்டிபாடிக்கு வெறும் பிஎஸ்ஏவுல பின்னணி கறுத்துப்போறது அடிக்கடி நடக்கும். ஒரு மணி நேரம் பால்ல பிளாக் பண்ணி, டிபிஎஸ்டியில நல்லா கழுவிட்டு, பிரைமரியை பிஎஸ்ஏவுல போட்டா ரெண்டும் கிடைக்கும்.

பெரும்புரதம்:

பிளாக்கிங்கில் மட்டும் பால் என்றால் எனக்கு மறுப்பில்லை, பிரைமரி பிஎஸ்ஏவில் இருக்கட்டும். ஒரே லைசேட்டை இரண்டு விதமாகவும் ஓட்டி, சிக்னல் பின்னணியைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் பின்னணி அதிகமான முறையே ஜெயிக்கும்.

மொத்த ஏசிசிக்கு வருவோம். இரண்டும் முயல் என்பதால் பலரும் மெம்பரேனை ஸ்ட்ரிப் செய்துவிட்டு, அதாவது ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு, அதிலேயே இரண்டாவதைப் போடுகிறார்கள். பாஸ்போவை முதலில் பார்த்துவிட்டு மொத்தத்தைப் பிறகு பார்ப்பது சரியான வரிசைதான், ஆனால் ஸ்ட்ரிப்பிங் முழுமையாக நடந்ததா என்று காட்ட வேண்டும். பிஎச் 6.8 டிரிஸ் 62.5 மில்லிமோலார், 2% எஸ்டிஎஸ், மெர்காப்டோஎத்தனால் 100 மில்லிமோலார், 50 டிகிரியில் 30 நிமிடம். கழுவிய பின் செகண்டரியும் ஈசிஎல்லும் மட்டும் போட்டு, முன்பு எடுத்த அதே நேரத்துக்குப் படம் எடுங்கள். ஏதாவது தெரிந்தால் பாஸ்போ ஆன்டிபாடி இன்னும் ஒட்டியிருக்கிறது, அது மொத்த ஏசிசியோடு சேர்ந்துவிடும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஸ்ட்ரிப்பிங் கொஞ்சம் புரதத்தையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

என் பரிந்துரை, ஒரே நாளில் ஒரே லைசேட்டிலிருந்து இரண்டு ஜெல், ஒவ்வொன்றிலும் மொத்தப் புரதச் சாயம். வசதி இருந்தால் மொத்த ஏசிசிக்குச் சுண்டெலியில் எடுத்த ஆன்டிபாடி வாங்கி, இரண்டு நிற ஒளிர்வில் ஒரே மெம்பரேனில் பார்ப்பது அதைவிட நல்லது. ஆனால் உங்கள் மாதிரியே சுண்டெலிக் கல்லீரல் என்பதால், சுண்டெலி எதிர் செகண்டரி திசுவில் உள்ள இம்யூனோகுளோபுலினையும் பிடிக்கும். அது 50இலும் 25இலும் வரும், 265ஐத் தொந்தரவு செய்யாது.

தசைநார்:

மூன்றாவது வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஸ்ட்ரெப்டவிடின்!

பாஸ்போ பிளாட்டைக் கெடுத்த அதே குணத்தை மொத்த ஏசிசி அளவுக்குப் பயன்படுத்தலாம். தனி மெம்பரேனில், பிஎஸ்ஏ பிளாக்கிங், பால் இல்லாமல், ஆன்டிபாடியே இல்லாமல் ஸ்ட்ரெப்டவிடின் எச்ஆர்பி. அல்லது ஒளிர்வு ஒட்டிய ஸ்ட்ரெப்டவிடினைப் பாஸ்போ ஆன்டிபாடியோடு அதே மெம்பரேனில் வேறு நிறத்தில். இதில் உள்ள பெரிய லாபம் என்னவென்றால், ஏசிசி1 ஆனாலும் ஏசிசி2 ஆனாலும் ஒரு துணையலகுக்கு ஒரு பயோட்டின். 5% ஜெல்லில் இரண்டையும் பிரித்துவிட்டால் ஒன்றுக்கொன்று எவ்வளவு என்று நேரடியாக ஒப்பிடலாம். தனித்தனி ஆன்டிபாடி இரண்டை வைத்து அதைச் செய்யவே முடியாது, ஒவ்வொன்றும் தன் இலக்கைப் பிடிக்கும் வலு வேறு.

அருகிலேயே ஓடும் கொழுப்பு அமில சிந்தேஸ் சுமார் 270 கிலோடால்டன், கல்லீரலில் மிக அதிகம், ஆனால் அதில் பயோட்டின் இல்லை. கூமாசியில் குழப்பும், ஸ்ட்ரெப்டவிடினில் குழப்பாது.

பெரும்புரதம்:

ஒரு எல்லையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயோட்டின் ஏறாத ஏசிசி இதில் தெரியாது. பயோட்டின் குறைந்த உணவு கொடுத்த விலங்கு, பயோட்டின் இல்லாத மீடியம், பயோட்டினை ஏற்றும் நொதியான ஹோலோகார்பாக்சிலேஸ் சிந்தெடேஸின் குறைபாடு போன்ற இடங்களில் ஸ்ட்ரெப்டவிடின் கொடுக்கும் எண்ணை மொத்த ஏசிசி என்று எழுத முடியாது. சாதாரண உணவிலும் சாதாரண மீடியத்திலும் நன்றாக வேலை செய்யும்.

வண்ணத்தகடு:

திசுத் துண்டிலும் செல் படத்திலும் ஏசிசி பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. வெஸ்டர்னில் 130, 75 என்று அளவு காட்டிக்கொடுத்துவிடும். நுண்ணோக்கியில் அளவு கிடையாது, இடம் மட்டும்தான்.

பைருவேட், புரோப்பியோனைல், மீத்தைல்குரோட்டோனைல் கார்பாக்சிலேஸ் மூன்றும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பவை. ஆகவே பயோட்டின் ஸ்ட்ரெப்டவிடின் அடுக்கில் ஏசிசி2 பார்க்கப் போனால், அழகான மைட்டோகாண்ட்ரியா வலைப்பின்னல் கட்டாயம் தெரியும், பிரைமரி இல்லாவிட்டாலும் தெரியும். ஏசிசி2 இருக்க வேண்டிய இடமும் அதுவே என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மைட்டோகாண்ட்ரியா மார்க்கரோடு ஒன்றிப்போகும் படமும் வந்துவிடும். கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளில் வெப்ப ஆன்டிஜென் மீட்பு செய்தால் மறைந்திருந்த பயோட்டின் இன்னும் வெளிப்பட்டுக் கூடுதலாக ஒளிரும்.

அவிடின் பிளாக்கிங் ஓரளவு உதவும். அவிடின் 15 நிமிடம், கழுவல், பயோட்டின் 15 நிமிடம், கழுவல், அதன் பிறகு பிரைமரி. ஆனால் பாலிமர் எச்ஆர்பி செகண்டரியோ நேரடி ஒளிர்வு செகண்டரியோ கிடைக்கும்போது இந்தப் பாடு தேவையே இல்லை. எந்த முறையானாலும் பிரைமரி இல்லாத கண்ட்ரோல் தகட்டை அதே எக்ஸ்போஷரில் படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

மெலோனைல்:

கல்லீரல் மாதிரிகளை உறைகிடுக்கி சொன்னபடி மறுபடி எடுக்க ஏற்பாடு செய்கிறோம். அதற்கிடையில் ஆன்டிபாடி பாஸ்போவை மட்டும்தான் பிடிக்கிறது என்று நிரூபிக்க எது போதும்? ஹெலா செல்களில் அய்கார் போட்டு ஒரு பாசிட்டிவ் கண்ட்ரோல் தயார் செய்து வைக்கலாமா?

உறைகிடுக்கி:

ஹெலா வேண்டாம். ஹெலாவிலும் ஏ549இலும் எல்கேபி1 இல்லை, ஏஎம்பிகேயை இயக்கும் முக்கியமான மேல்நிலை கைனேஸ் அதுதான். அங்கே அய்கார் போட்டு ஒன்றும் வராமல் போனால் ஆன்டிபாடி மேல் பழி விழும். ஹெப்ஜி2இல் அய்கார் 1 மில்லிமோலார், 1 மணி நேரம். ஏ769662 என்ற சேர்மம் 100 மைக்ரோமோலாரும் நன்றாக வேலை செய்யும். அது ஏஎம்பிகேயை நேரடியாக இயக்குவதால் ஏஎம்பிகேயின் சொந்தத் திரியோனின் 172 பாஸ்பரிலேஷன் பெரிதாக ஏறாமலேயே ஏசிசி ஏறும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். எல்கேபி1 இல்லாத செல்தான் வேண்டுமென்றால் அயனோமைசின் 1 மைக்ரோமோலார், அது கால்சியம் வழியாக வேறு கைனேஸைக் கொண்டு ஏஎம்பிகேயை இயக்கும்.

பாஸ்போவை மட்டும் பிடிக்கிறதா என்பதற்கு, பாஸ்பேட்டை வெட்டி எடுக்கும் லாம்டா பாஸ்பேட்டேஸ். ஃப்ளூரைடும் பைரோபாஸ்பேட்டும் வனடேட்டும் ஈடிடிஏவும் சேர்க்காத லைசேட்டைத் தனியாக எடுங்கள், அய்கார் கொடுத்த செல்லிலிருந்து. 50 மைக்ரோலிட்டரில் 40 மைக்ரோகிராம் புரதம், மாங்கனீஸ் குளோரைடு 1 மில்லிமோலார், நொதி 400 யூனிட், 30 டிகிரியில் 30 நிமிடம். பக்கத்துக் குழாயில் எல்லாம் அதேபோல, நொதிக்குப் பதில் தடுப்பான்கள். நொதி போட்டதில் பாஸ்போ பேண்ட் காணாமல் போய், மொத்த ஏசிசி அப்படியே நின்றால் நிரூபணம். இரண்டுமே குறைந்தால் 30 டிகிரியில் புரோட்டியேஸ் தின்றிருக்கிறது, ஈடிடிஏ இல்லாத புரோட்டியேஸ் தடுப்பான் கலவையைச் சேர்த்து மறுபடி செய்யுங்கள்.

தசைநார்:

அதோடு மரபணு வழிச் சான்று ஒன்றும் வேண்டும். லாம்டா சோதனை பாஸ்பேட் உண்டு என்று சொல்லும், புரதம் ஏசிசிதான் என்று சொல்லாது. ஏசிசி1 மரபணுவுக்கு எதிராக இரண்டு வெவ்வேறு சைஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ), 72 மணி நேரம், பாஸ்போவும் மொத்தமும் ஒருசேரக் குறைய வேண்டும். கொஞ்சம் பேண்ட் மிஞ்சினால் உடனே ஆன்டிபாடியைச் சந்தேகிக்காதீர்கள், ஏசிசி2 மிஞ்சியிருக்கும். ஏசிசி1இல் செரின் 79, ஏசிசி2இல் செரின் 212 இரண்டையும் அலனினாக மாற்றிய சுண்டெலிகள் 2013இல் வெளியாயின. அந்தத் திசு யாரிடமாவது கிடைத்தால் அதைவிடத் தெளிவான நெகட்டிவ் கண்ட்ரோல் கிடையாது. புரதம் முழுதாக இருக்கும், அந்த இடம் மட்டும் இருக்காது.

ஏசிசி தடுப்பான்களை ஆராய்கிறவர்களுக்கு இன்னொன்று: என்டி646 போன்ற மருந்துகள் அந்த பாஸ்பேட் வால் வந்து அமரும் பள்ளத்திலேயே உட்காருகின்றன. அவற்றைக் கொடுத்தால் செரின் 79 சிக்னல் விழும். ஏஎம்பிகே நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. ஏஎம்பிகேயின் வேறு இலக்கு ஒன்றை, ராப்டார் செரின் 792 போல, கூடவே பார்த்துத்தான் பேச வேண்டும்.

மெலோனைல்:

இந்தக் குப்பியில் மீதி கொஞ்சம்தான். அடுத்த லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போது இதே முடிவு வரும் என்று எதை வைத்து நம்புவது?

பெரும்புரதம்:

பாலிகுளோனல் என்பதால் லாட்டுக்கு லாட் மாறத்தான் செய்யும். ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் கிடைத்தால் அதற்கு மாறுவது நல்லது. இல்லையென்றால் இப்போதே அய்கார் கொடுத்த ஹெப்ஜி2 லைசேட்டையும் கொடுக்காததையும் பெரிய அளவில் எடுத்து, சாம்பிள் பஃபரில் கலந்து சூடாக்கி, லேனுக்கு ஒன்றாகச் சிறு குழாய்களில் மைனஸ் 80இல் வையுங்கள். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம், ஏசிசி போன்ற நீளமான புரதம் உடைந்து 200க்குக் கீழே படிக்கட்டுபோலக் கோடுகள் விழும்.

புதிய லாட் வந்ததும் பழையதில் மீதி இருக்கும்போதே இரண்டையும் ஒரே மெம்பரேனின் இரு பாதிகளில் ஓட்டுங்கள். 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஏற்றி, சிக்னல் அளவோடு நேராக ஏறுகிறதா, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். 20க்கும் 40க்கும் ஒரே கறுப்பு வந்தால் 20லேயே நிரம்பிவிட்டது, அங்கே இரண்டு மடங்கு வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. 1:1000 என்பது பழைய லாட்டுக்குப் பொருந்திய எண், புதியதற்கு 1:2000உம் வைத்துப் பாருங்கள். கேட்டலாக் எண், லாட் எண், ஆர்ஆர்ஐடி (ஆன்டிபாடியின் பொது அடையாள எண்) மூன்றையும் நோட்டில் அந்தந்த பிளாட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஜெல்தட்டு:

கலந்து வெச்ச பிரைமரியைத் திரும்பப் பயன்படுத்தறதா இருந்தா 0.02% சோடியம் அசைடு போட்டு 4 டிகிரியில வைக்கலாம். ஆனா செகண்டரி பக்கம் அசைடு போகவே கூடாது, எச்ஆர்பியை முடக்கிடும். பிரைமரிக்கு அப்புறம் டிபிஎஸ்டியில 10 நிமிஷம் வீதம் மூணு தடவை கழுவுங்க. குப்பியில இருக்கிற பிரைமரி 50% கிளிசரால்ல வந்திருந்தா மைனஸ் 20ல உறையாது, அப்படியே அங்க இருக்கட்டும், மைனஸ் 80ல போடாதீங்க. எச்ஆர்பி செகண்டரிக்கு அதோட தாள்ல என்ன போட்டிருக்கோ அதுதான். பெரும்பாலும் 4 டிகிரி.